குதிரை வண்டிக்காரர்களும் தட்டம்மை ஊசியும்

அன்புள்ள முருகேசா,

முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலத்தையே தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. நான் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, குளிர்கூடப் பழகிவிட்டது.

நான் அனுப்பிய குதிரை வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க மதத்துல தடுப்பூசி போடக் கூடாதாமே" என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எடுத்தது அது, கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைய இருக்கும் இடம். நானும் உன்னைப் போலத்தான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் அப்படி ஒரு தடையே கிடையாதாம், போடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அப்பா அம்மா முடிவுதான். இந்த ஹோம்ஸ் கவுண்டிப் பெற்றோரிடமே கேட்டு 2011இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு ஊசியாவது போட்டிருந்தார்கள், வேண்டாம் என்றவர்கள் அதிகம் சொன்ன காரணம் பக்கவிளைவு பயம். நம் தெருவில் கேட்காத பயமா அது!

அப்புறம் செலவு. இவர்கள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, ஆஸ்பத்திரி பில் பெரிதாக வந்தால் சபையே பணம் திரட்டிக் கட்டுகிறது. சொந்தக் கார் கிடையாது, தூரமாகப் போக வேண்டுமென்றால் யாரையாவது காசு கொடுத்து ஓட்டச் சொல்ல வேண்டும். நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளையை அவ்வளவு பாடுபட்டு யார் கூட்டிப்போவார்கள்?

2014இல் அதுதான் வினையானது. பிலிப்பைன்ஸில் புயல் நிவாரண வேலைக்குப் போன ஆமிஷ் ஆட்கள், பாவம், நல்ல காரியத்துக்குப் போய்விட்டுத் தட்டம்மையோடு திரும்பினார்கள். வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள், ஞாயிறு வழிபாடும் யாராவது ஒருவர் வீட்டில்தான். கேட்க வேண்டுமா, 383 பேருக்குப் பரவிவிட்டது. ஆனால் எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. இலவச ஊசி முகாம் போட்டதும் பத்தாயிரம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்களாம்! வேண்டாம் என்று வீம்பு பிடிக்கிறவர்கள் செய்கிற காரியமா இது? நோய் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் இன்னொரு கதை. இவர்கள் தங்கள் சமூகத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருவதால் சில பரம்பரை நோய்கள் அதிகம், அதில் ஒன்று இருந்தால் சாதாரணக் காய்ச்சலிலேயே குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டுக் கைகால் முடங்கிப்போகும். ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர் 1989இல் இதற்கென்றே ஒரு கிளினிக் தொடங்கினார். கட்டடத்தை ஆமிஷ்காரர்களே கூடி எழுப்பிக் கொடுத்தார்கள், இன்றைக்கும் ஏலம் நடத்திப் பணம் திரட்டித் தருகிறார்கள். பிறந்ததும் ரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கு அங்கே முகம் சுளிப்பதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை முடங்கியதைப் பார்த்தவர்கள் அல்லவா. அதுவும் வருமுன் காப்பதுதானே.

இதையெல்லாம் மகளிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவள், "நீங்க சுகர் டெஸ்ட் எடுத்து மூணு வருஷம் ஆச்சுப்பா" என்றாள். வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகிறேன்.

சரி, உன் பேரன் காதுகுத்து எப்போது என்று எழுதவே இல்லையே? தை கடைசியில் என்றால் நான் அதற்குள் வந்துவிடுவேன்.

அன்புடன்,
சண்முகம்