மூன்றாவது மாறியை மிச்சம் பிடித்தால் வேகம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டங்களில் வளாகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் தவறாமல் மனப்பாடம் செய்யும் கேள்வி ஒன்று: மூன்றாவது மாறி (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) இல்லாமல் இரண்டு எண்களை இடம் மாற்று. எக்ஸ்-ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 தரும் செயல்) போட்டு மூன்று வரியில் முடிப்பவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. அதே வரிகளை வரிசைப்படுத்தும் நிரலில் வைத்தால், நினைவக இடத்தைச் சுட்டும் இரண்டு பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டும் நேரத்தில் முதல் வரியிலேயே மதிப்பு பூஜ்யமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. கூட்டிக் கழிக்கும் முறையிலோ, எண் பெரிதானால் இன்ட் என்ற முழு எண் வகையின் வரம்பு தாண்டிவிடும். இத்தனைக்கும் லாபம் ஏதுமில்லை. மிச்சம் பிடிக்கப் பார்க்கும் அந்தத் தற்காலிக மாறியை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரிலேயே பெரும்பாலும் வைத்துக்கொள்ளும். இரண்டால் பெருக்குவதை பிட் நகர்த்தலாக்குவதும் (இரும இலக்கங்களை ஓரிடம் இடப்பக்கம் தள்ளுவதும்) அதற்குத் தெரியும்.

டாஸ் என்ற பழைய இயங்குதளமும் நிரலும் 640 கேபி நினைவகத்துக்குள் அடங்க வேண்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பைட்டை எண்ணியதில் நியாயம் உண்டு. ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கியதும் அந்தச் சிக்கனம்தான். 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ என்று தெரியாது என்பதால், 2000 நெருங்கியபோது உலகம் முழுக்க உட்கார்ந்து திருத்தினார்கள்.

இன்று நேரம் போவது வேறு இடத்தில். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் 20,000 எடைச் சீட்டு, 5,000 விவசாயிகள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்குச் சீட்டு பட்டியலை மேலிருந்து தேடினால் 10 கோடி ஒப்பீடு வரை போகும். விவசாயி எண்ணைச் சாவியாக்கி ஹேஷ் அட்டவணையில் (சாவியைக் கொடுத்தால் பதிவு இருக்கும் இடத்துக்கு ஏறத்தாழ நேரே போகும் அமைப்பு) ஏற்றிவிட்டால் 5,000 ஏற்றல், 20,000 தேடல், அவ்வளவே. படிக்கவும் இதுவே எளிது! இன்னும் மோசம், லூப்புக்குள் டேட்டாபேஸைக் கூப்பிடுவது. ஒரு தடவைக்கு 2 மில்லி விநாடி என்றாலும் மொத்தம் 40 விநாடி. இரண்டு அட்டவணைகளையும் ஒரே கேள்வியில் இணைக்கும் ஜாயின் ஆக்கி, இணைக்கும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகராதி) போட்டால் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறையும்.

எனவே முதலில் தெளிவான பெயர்களோடு நேராக எழுதட்டும். பிறகு எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரில் ஓட்டி, நேரம் தின்னும் இடத்தை மட்டும் தொடட்டும். பத்துப் பதிவு வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. நிஜ அளவுக்குத் தரவு வேண்டும். மாற்றிய பகுதி படிக்கக் கடினமானால், ஏன் மாற்றினோம், முன்னும் பின்னும் எத்தனை விநாடி என்று அங்கேயே குறிப்பு எழுத வேண்டும். பழைய எளிய வடிவத்தை அழிக்காமல் டெஸ்டில் (நிரலைச் சரிபார்க்கும் சோதனை நிரலில்) வைத்தால் இரண்டின் விடையையும் ஒத்துப் பார்க்கலாம்.

ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலைக்குச் சேரும் புதியவர்கள் கையில் முதலில் வருவது பெரும்பாலும் பிறர் எழுதிய நிரல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகள் ஆய்வகத் தேர்வில் ஒரு கேள்வியையாவது, சக மாணவர் எழுதியதைப் படித்து, அளந்து, திருத்தும் கேள்வியாக வைக்க வேண்டுகிறேன்.

- மென்பொருள் பணியாளர், கிருஷ்ணகிரி