கொழும்பில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஹட்டனிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்த சம்பளத்தில் கம்ப்யூட்டர் படித்து, உங்களைப் போன்ற ஒருவருடைய நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். பதினொரு வருடமாக இதே தொழில். அந்தப் பயிலுநர் இடங்களை மூடிவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணே, கோடெல்லாம் இனி ஏஐ எழுதிடுமாமே, நான் இதைப் படிக்கவா, வேணாமா?" படி என்றுதான் சொன்னேன். ஆனால் அவளுக்கு வேலை கொடுக்கப்போவது நானில்லை, நீங்கள்.

அவள் பயம் வெறும் பயமில்லை. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளைப் பார்த்து 2025 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையான மென்பொருள் உருவாக்குநர்களின் வேலைகள், 2022 இறுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. மூத்தவர்களுக்கு அந்த அடி விழவில்லை. அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வில், அனுபவமுள்ள 16 பேர் தங்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் ஏஐ துணையோடு வேலை செய்தார்கள். ஏஐ இல்லாமல் செய்வதைவிட 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். இன்றைய கருவிகள் அதைவிடத் தேறியிருக்கலாம், சரி. ஆனாலும் எழுதித் தந்ததைச் சரிபார்க்க ஆள் வேண்டுமே.

என் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ் டிக்கெட்டில் ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்தை அச்சிட வேண்டும். ஏஐ எழுதித் தந்த நிரல் ஆங்கிலப் பெயர்களில் எல்லாச் சோதனையிலும் தேறியது. மூத்தவர்கள் நாங்களும் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். பண்டாரவளைப் பக்கமிருந்து வந்து நாலு மாதமே ஆன பயிலுநர் ஒருத்திதான் 'கொட்டகலை' என்று அடித்துப் பார்த்தாள். 'கொட்ட' என்று வரவேண்டியது 'கொட' என்று வந்தது. நம் கண்ணுக்கு 'கொட்டகலை' ஐந்து எழுத்து. கணினி எழுத்தைப் பதிந்துவைக்கும் யூனிகோடு முறையில் எட்டுக் குறியீடு. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், வெட்டிய இடத்தில் புள்ளி விழுந்துபோனது. ஏன் இப்படி என்று இரண்டு நாள் தோண்டிப் படித்துத் திருத்தினாள். இப்போது மற்றவர்களின் நிரலை அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

அந்த இரண்டு நாளைத்தான் நீங்கள் வீண்செலவு என்று கணக்கில் எழுதுகிறீர்கள். நாங்கள் எல்லோரும் தொழில் கற்றது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

மறுநடுகை செய்யாத தோட்டம் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதுக் கன்று கொழுந்து தர மூன்று நான்கு வருடம் போகும். அதுவரை செலவுதான். அந்தச் செலவைத் தள்ளிப்போட்ட மலைகளில் கிழட்டுச் செடிகளும் மானாப் புல்லும் நிற்கின்றன. உங்கள் மூத்த டெவலப்பர்களில் பலர் வெளிநாடு போகிறார்கள். அவர்கள் இடத்துக்கு யாரை வைப்பீர்கள்?

கொழும்புப் பிள்ளைக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு வழி திறக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயக் காம்பராவில், போன் டேட்டாவை அளந்து அளந்து படித்த பிள்ளைக்கு அந்தப் பயிலுநர் அறிவித்தல் ஒன்றுதான் கதவு.

அதனால் வருடா வருடம் சில இடங்களையாவது பயிலுநர்களுக்கு ஒதுக்குங்கள். நேர்முகத் தேர்வில் ஏஐ பயன்படுத்த விடுங்கள், ஆனால் வந்த நிரலை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள், தமிழில் விளக்கினாலும் கேளுங்கள். அப்புறம், வருடத்தில் ஒருமுறை ஹட்டனுக்கோ பதுளைக்கோ நீங்களே வாருங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து காலை ஒன்பது மணிக்கு உங்கள் முன்னால் உட்காரும் பிள்ளையால் தெரிந்ததைக்கூடச் சொல்ல முடிவதில்லை. நானும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தேன். மண்டபம் பார்த்துத் தருவது, பள்ளிக்கூடங்களுக்குச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் தேதி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் துறையில் வேலை செய்யும் ஒரு தோட்டத்துப் பிள்ளை