துப்பாக்கி வாங்கப் போகிறாயாமே

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் நீ முந்திக்கொண்டு பேசிவிடுகிறாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை டைப் அடித்து அனுப்புவாள். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

உங்கள் தெருவில் கார் கண்ணாடிகளை உடைத்திருக்கிறார்கள், நாலு வீடு தள்ளி ஒரு குஜராத்திக் குடும்பத்தின் வீட்டில் புகுந்து நகையை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றாய். இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது ஹூஸ்டன் திருடனுக்கும் தெரிந்திருக்கிறது. நீ வேலை விஷயமாக வெளியூர் போகிற நாட்களில் மருமகளும் பையனும் தனியாக இருக்கிறார்கள். பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். உன் இடத்தில் இருந்தால் எனக்கும் தூக்கம் வராது. கிரீன் கார்டு வந்துவிட்டதால் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக லைசென்ஸ்கூட வேண்டாம் என்றெல்லாம் நீ சொன்னதும் சரிதான். வாங்கலாமா என்று சட்டம் சொல்லிவிட்டது. வாங்க வேண்டுமா என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

நீ அனுப்பிய கட்டுரைகளைத் தங்கை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அதில் இல்லாததையும் தேடி எடுக்கச் சொன்னேன். ரிட்டயர் ஆகும்வரை ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கேஸ் ஷீட் படித்தவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

உன் பக்கத்து வாதத்தில் எனக்கு வலுவாகத் தெரிந்தது கைதிகளிடம் கேட்ட கணக்குதான். 1980களில் ஜேம்ஸ் ரைட், பீட்டர் ராஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்து மாநிலச் சிறைகளில் ஏறக்குறைய 1,800 கைதிகளிடம் கேட்டிருக்கிறார்கள். எதிராளியிடம் துப்பாக்கி இருக்கும் என்று எண்ணி ஒருமுறையாவது பின்வாங்கியிருக்கிறோம் என்று ஐந்தில் இரண்டு பேர் சொன்னார்களாம். திருடன் வாயாலேயே வந்த சாட்சி, அதை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் கண்ணு, அப்படிப் பின்வாங்கியவர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் சிறையில் எப்படி இருப்பார்கள்? அந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் அலமாரியில் துப்பாக்கி இருப்பது திருடனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவரை அவனுக்குப் பயமில்லை. வாசலில் போர்டு மாட்டித் தெரியவைத்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்து அதையே தூக்க வருவான். பிலிப் குக், ஜென்ஸ் லுட்விக் என்ற இருவர் கவுன்ட்டி கவுன்ட்டியாக, அதாவது மாவட்டம் மாவட்டமாக, கணக்குப் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கி அதிகம் இருக்கிற இடங்களில் வீடு புகுந்து திருடுவது குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்கிறது என்பது அவர்கள் கண்டது. நகைக்கு அடுத்தபடி சட்டென்று காசாகிற சாமான் அதுதானே.

ஜார்ஜியாவில் கென்னசா என்ற ஊரைப் பற்றி நீ பெருமையாகச் சொன்னாய். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கட்டாயம் என்று 1982இல் சட்டம் போட்டார்கள், திருட்டு ஒழிந்தது என்றாய். அந்தச் சட்டத்தை யார் மேலும் பிரயோகிக்கவே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் இல்லினாய்ஸில் மார்ட்டன் குரோவ் என்ற ஊர் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டதற்கு ஏட்டிக்குப் போட்டியாக வந்த சட்டம் அது. பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் பெரிய குறைவு தென்படவில்லை. முதலிலேயே திருட்டு குறைவான சின்ன ஊர்.

பெரிய கணக்குகளிலும் இதே இழுபறிதான். துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக அனுமதித்த மாநிலங்களில் கொலையும் வன்முறையும் குறைந்தன என்று 1997இல் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் எழுதினார்கள். 2004இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கையை விரித்தது. குழுவில் ஒருவர் மட்டும் கொலை விஷயத்தில் மாறுபட்டார். 2019இல் ஜான் டோனஹ்யூவும் அவர் கூட்டாளிகளும் புதிய முறையில் பார்த்து, அப்படிச் சட்டம் வந்த மாநிலங்களில் பத்து வருஷத்தில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகமாகியிருக்கிறது என்றார்கள். எனக்கு டோனஹ்யூ சொல்வதுதான் மனதுக்குப் படுகிறது. உனக்கு லாட் படலாம். அதை வைத்து நாம் அடித்துக்கொள்ள வேண்டாம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில் சனிக்கிழமை ராத்திரி என்றால் கொடுவாள் வெட்டும் கத்திக்குத்தும் வராமல் இருக்காது. குடித்துவிட்டு மச்சானும் மச்சானும் அடித்துக்கொண்டிருப்பார்கள், வாய்க்கால் வரப்புச் சண்டையாக இருக்கும், கொடுத்த கடனைக் கேட்கப் போன இடத்தில் கைகலப்பாகியிருக்கும். விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். என்ட்ரி போடும்போதே வெட்டினவன் வெளியே நின்று அழுதுகொண்டிருப்பான். வெட்டுப்பட்டவனில் பெரும்பாலானவன் பிழைத்துத் தையலோடு வீட்டுக்குப் போவான். கொடுவாளை ஓங்க ஆள் பக்கத்தில் வர வேண்டும், ஓங்கின கையைப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள், ஓடுகிறவன் ஓடிவிடலாம். அதே சண்டை, அதே கோபம், கையில் இருந்தது மட்டும் துப்பாக்கி என்று வைத்துக்கொள். அந்த வார்டில் பாதிப் பேர் நேராக மார்ச்சுவரிக்குப் போயிருப்பார்கள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற சட்டப் பேராசிரியர் 1968இலேயே சிகாகோ போலீஸ் பதிவுகளை வைத்து இதைத்தான் எழுதியிருக்கிறார். கத்தியால் தாக்கப்பட்டவரைவிடத் துப்பாக்கியால் தாக்கப்பட்டவர் சாவது ஐந்து மடங்கு அதிகம். திருட்டிலும் அடிதடியிலும் அமெரிக்கா மற்ற பணக்கார நாடுகளைவிட அப்படி ஒன்றும் மோசமில்லை. பிணம் விழுவதில்தான் எங்கோ போய்விடுகிறது. அந்த ஊர்க்காரன் நம்மைவிடக் கெட்டவன் இல்லை, அவன் கைக்கு எட்டுகிற சாமான் வேறு. 2018இல் வெளியான கணக்குப்படி அங்கே பொதுமக்களிடம் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள், ஆளுக்கு ஒன்றுக்கும் மேல்.

குடகைச் சொல்வாய், தெரியும். நாம் மடிக்கேரி போயிருந்தபோது ஹாலில் துப்பாக்கி மாட்டியிருந்ததை நீ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த மண்ணின் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது, கைல்பொள்து என்கிற அவர்கள் ஆயுதத் திருநாள் அன்று அதற்குப் பூஜை போடுகிறார்கள். அங்கே தினம் கொலை விழுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கி தானாக எழுந்து போய் யாரையும் சுடுவதில்லை. ஆனால் அது பரம்பரையாக வந்த வேட்டைத் துப்பாக்கி. யார் வீட்டில் எது இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். நீ வாங்கப் போவது தலையணைக்குப் பக்கத்தில், குண்டு போட்டுத் தயாராக வைத்துக்கொள்கிற கைத்துப்பாக்கி. அர்த்த ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் எடுப்பதற்காகவே வைப்பது.

அப்படி எடுத்துத்தான் எத்தனை விபரீதம். 1992இல் லூசியானாவில் பேட்டன் ரூஜ் ஊரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குப் போக வேண்டிய வீட்டை விட்டுத் தவறுதலாக வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் நில் என்று கத்தினார், பையனுக்கு அது சரியாகப் புரியவில்லை, சுட்டுவிட்டார். கிரிமினல் கோர்ட்டு அவரை விட்டுவிட்டது. அவரும் கெட்டவர் இல்லை, பெண்டாட்டி பயந்து கத்தியதைக் கேட்டு வந்தவர். உன் மாதிரிக் குடும்பஸ்தர்தான்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். திருடனை விடு. வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். திருடன், கொள்ளைக்காரன் என்று நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், சாவு படுக்கையறையில் நடந்துகொண்டிருக்கிறது.

நான் வேலை பார்த்த காலத்தில் கோயம்புத்தூர் பக்கம் சாணிப்பவுடர் எவ்வளவு உயிரைக் குடித்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது பள்ளிக்கூடம். வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாகக் கரைக்கிற பொடி. மளிகைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. மார்க் குறைந்ததற்கு, மாமியார் திட்டியதற்கு, புருஷன் கைநீட்டியதற்கு என்று எடுத்துவிடுவார்கள். ஒரு காலேஜ் பெண், உதடெல்லாம் மஞ்சள் அப்பியிருக்க, ஸ்டொமக் வாஷ் கொடுத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், நான் பொழச்சுக்குவனா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க” என்றாள். சாக வேண்டும் என்று நினைத்தது ஏதோ பத்து நிமிஷம்தான். அது தீர்ந்துபோயிருந்தது. அவள் பிழைத்தாள். இப்படிப் பிழைத்து வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு அந்த வழியில் சாவதில்லை. துப்பாக்கியில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது.

இலங்கையில் 1995இல் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்து வருஷத்தில் அது பாதியானது. அங்கே யுத்தம் முடிந்திருக்கவில்லை, கடன் தீர்ந்திருக்கவில்லை, கஷ்டம் அப்படியேதான் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை மட்டும் எடுத்தார்கள்.

கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. அதே குழு 2022இல் இன்னொன்றும் பார்த்தது: தான் வைத்துக்கொள்ளாமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று. அவர்கள் கொலையாவது இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் துணைவர் கையாலேயே சுடப்பட்டுச் சாவது ஏழு மடங்கு, அப்படிச் செத்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். நீ அப்படிப்பட்டவன் என்று சொல்லவில்லை. காவலுக்கு வாங்கினது யாருக்குக் காவலாக இருந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

(இந்த மாதிரி ஆய்வுக்கே அங்கே பெரிய முட்டுக்கட்டை இருந்திருக்கிறது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து கூடுகிறது என்று 1993இல் ஒரு மருத்துவ ஆய்வு வந்ததும், 1996இல் பாராளுமன்றம் நோய்த்தடுப்பு மையத்துக்குக் கடிவாளம் போட்டு, இருபது வருஷத்துக்கு மேல் காசு போகாமல் பார்த்துக்கொண்டது. கேட்கப் பிடிக்கவில்லை என்று டாக்டரின் வாயைப் பொத்துவார்களா?)

பையனுக்குப் பதினாலு நடக்கிறது. போன தடவை வீடியோவில் பேசும்போது தலையைத் தூக்காமல் ம், ம் என்றான். ஒருவேளை அது வயசுக் கோளாறுதான். நீயும் அந்த வயதில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாய், வீட்டில் ஒரு ஷேவிங் பிளேடைக்கூட நான் கண்ணில் படுகிற இடத்தில் வைத்ததில்லை. உனக்கு இது இன்றுவரை தெரியாது. அமெரிக்காவில் 2020இலிருந்து ஒரு வயது முதல் 19 வரை உள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் கார் விபத்து இல்லை, துப்பாக்கி. அதில் மற்றவர் சுட்டதும் உண்டு, தானே சுட்டுக்கொண்டதும் உண்டு, விளையாட்டாய் எடுத்ததும் உண்டு.

நகைதான் கவலை என்றால் எல்லாவற்றையும் பேங்க் லாக்கரில் வைக்கச் சொல். தாலிக்கொடியைத் தவிர வீட்டில் எதுவும் வேண்டாம். நல்ல பூட்டு, வாசலில் விளக்கு, கேமரா, பக்கத்து வீட்டாரோடு பழக்கம், இதெல்லாம் முதலில் செய். குஜராத்திக்காரர் வீட்டில் திருடியவன் ஆள் இல்லாத நேரத்தில்தானே வந்தான்? நீ துப்பாக்கியோடு அந்தத் தெருவிலேயே இருந்திருந்தாலும் அந்த நகை போயிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றே நீ முடிவு செய்தால், நான் சாப்பிடாமல் கிடந்து உன்னை மிரட்டப் போவதில்லை. ஆனால் இரும்புப் பெட்டியும் சேர்த்து வாங்கு. துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு வேறு பூட்டில். பூட்டின் எண் பையனின் பிறந்தநாளாக இருக்கக் கூடாது. உன் போன், லேப்டாப், வாசல் கதவு எல்லாவற்றுக்கும் அதுதான் என்று அவனே சிரித்துக்கொண்டு எனக்குச் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் நேரத்துக்குப் போன் செய். மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசு. இத்தனை நாள் பேசியதில் அவள் இதற்கு என்ன சொன்னாள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா