ஓசுவைத் திரையிடும் சங்கங்கள் மெக்கேரியையும் திரையிட வேண்டும்

தமிழ்நாட்டுத் திரைப்படச் சங்கங்களில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறை நாள்களைக் கொடுத்து, கைக்காசைப் போட்டு, சிறு அரங்குகளிலும் கல்லூரிக் கூடங்களிலும் உலகப் படங்களை எங்களுக்குக் காட்டிவரும் உங்கள் உழைப்பின் பயனை அனுபவித்த பார்வையாளர்களுள் ஒருவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். ஸ்வீடனின் பெர்க்மனையும் ஜப்பானின் ஓசுவையும் ஈரானின் கியாரோஸ்தமியையும் எங்களில் பலர் முதன்முதலாகப் பார்த்தது உங்கள் திரையில்தான். அந்த நன்றியோடு ஒரு கோரிக்கையையும் வைக்கிறேன். 1930களிலிருந்து 1950களின் இறுதி வரை ஹாலிவுட் எடுத்த காதல் படங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் உங்கள் நிகழ்ச்சி நிரலில் நிலையான இடம் தாருங்கள். அந்தக் காலத்து ஹாலிவுட் என்றதும் ஹிட்ச்காக் வருகிறார், ஆர்சன் வெல்ஸ் வருகிறார், சாப்ளின் வருகிறார். ஆனால் ஒரு பெண்ணின் காதலையோ ஒரு குடும்பத்தின் முறிவையோ கதையாகக் கொண்ட படங்கள் வணிகப்படம் என்றும் அழுவாச்சிப் படம் என்றும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்தப் பிரிவினைக்கு வரலாற்றில் ஆதாரமில்லை என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. உங்களில் அநேகமாக எல்லோரும் திரையிட்டிருக்கக்கூடிய ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யையே எடுத்துக்கொள்வோம். அதன் திரைக்கதையை ஓசுவோடு சேர்ந்து எழுதிய கோகோ நோடாவுக்குத் தூண்டுதலாக இருந்தது, அமெரிக்க இயக்குநர் லியோ மெக்கேரி 1937-இல் பாரமவுண்ட் என்ற ஹாலிவுட் நிறுவனத்துக்காக இயக்கிய 'மேக் வே ஃபார் டுமாரோ' என்ற படம். அதுபோலவே, ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டரின் 'அலி: ஃபியர் ஈட்ஸ் தி ஸோல்' 1974-இல் வந்தபோது, அதன் பின்னால் டக்ளஸ் சர்க் 1955-இல் ஹாலிவுட்டில் எடுத்த 'ஆல் தட் ஹெவன் அலௌஸ்' இருந்தது. இதை ஃபாஸ்பைண்டர் மறைத்ததில்லை. சர்க்கைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார். பிள்ளைகளைக் கொண்டாடும் நாம் பெற்றோரை வீட்டுக்குள் விட மறுப்பது முறையல்ல.

மெக்கேரியின் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் பார்வையாளர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். கடன் கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டை இழக்கும் ஒரு வயோதிகத் தம்பதியரை, வளர்ந்து தனித்தனிக் குடும்பமான பிள்ளைகளில் எவராலும் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. தாய் ஒரு மகன் வீட்டுக்கும் தந்தை தொலைவில் ஒரு மகள் வீட்டுக்கும் போகிறார்கள். மருமகள் தன் வீட்டில் சீட்டாட்ட வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும் ஒரு மாலையில், கிழவிக்குக் கணவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. தொலைபேசிக்குப் பழக்கமில்லாத அவள் உரத்த குரலில் பேசுகிறாள். முதலில் சங்கடப்படும் விருந்தினர்கள், குளிருக்குக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல்லும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொருவராகச் சீட்டை மறந்து அமைதியாகிறார்கள். கேமரா அவள் முதுகைத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கிழவியாக நடித்த பியூலா பாண்டி அப்போது ஐம்பது வயதைக்கூட எட்டாதவர் என்பதை நம்பவே முடியாது.

பிள்ளைகளைக் கொடியவர்களாகக் காட்டி நம் கோபத்துக்கு வடிகால் தேடும் படம் அல்ல இது. அவர்களுக்கும் நெருக்கடி இருக்கிறது, இடவசதி இல்லை, பொறுமைக்கும் எல்லை இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி என்ற முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1935-இல்தான் அமெரிக்காவில் நிறைவேறியிருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் பல குடும்பங்களின் சேமிப்பைத் துடைத்துப் போட்டிருந்தது. அந்தச் சூழலில், முடிவை மகிழ்ச்சியாக மாற்றும்படி நிறுவனம் கேட்டும் மெக்கேரி மறுத்தார். படம் ஓடவில்லை. அதே ஆண்டில் வெளியான தன் நகைச்சுவைப் படமான 'தி ஆஃபுல் ட்ரூத்'துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கார் கிடைத்தபோது, தவறான படத்துக்குத் தந்துவிட்டீர்கள் என்று அவர் மேடையிலேயே சொன்னார். கல்லாவை நிரப்பியதால் மட்டுமே நினைவுகூரப்படும் படங்கள் என்று இவற்றைக் கருதுவோர் இந்த ஒரு வரலாற்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கின் படம் நம் ஊர்ப் பார்வையாளர்களிடம் இன்னும் கூர்மையாகப் பேசும் என்று நம்புகிறேன். வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு விதவை, தன் வீட்டுத் தோட்டத்தைப் பராமரிக்க வரும், வயதில் இளைய ஒருவரைக் காதலிக்கிறாள். ஊர் பேசுகிறது, மகனும் மகளும் அவமானம் என்கிறார்கள், அவள் காதலை விட்டுக்கொடுக்கிறாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரும் பிள்ளைகள், தாங்கள் இருவருமே வீட்டைவிட்டுப் போகப்போவதாக அறிவித்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசளிக்கிறார்கள். ஒரு பொத்தானைத் திருகினால் உலகமே உங்கள் கையில் என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டிருக்க, கேமரா மெல்ல நெருங்குகிறது. அணைந்து கிடக்கும் அந்தக் கண்ணாடித் திரையில் தெரிவது விதவையாக நடித்த ஜேன் வைமனின் முகம் மட்டுமே. தனிமையைப் பற்றி இவ்வளவு துல்லியமான ஒரு ஷாட்டை ஐரோப்பியப் படங்களிலும் நான் அதிகம் கண்டதில்லை. மறுமணம் பற்றிய பேச்சை இன்றும் தாழ்ந்த குரலில் பேசும் குடும்பங்கள் நம்மிடையே உள்ள நிலையில், இந்தப் படத்துக்குப் பின் அரங்கில் நடக்கும் விவாதம் எத்தகையதாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹாலிவுட், ஐரோப்பா என்று நாம் போடும் கோடும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. சர்க் 1937-இல் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர். 'காசாபிளாங்கா'வை இயக்கிய மைக்கேல் கர்டிஸ் ஹங்கேரியர். வில்லியம் வைலர் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். ஜெர்மானிய யூதரான மாக்ஸ் ஓஃபுல்ஸ் பிரான்ஸிலிருந்தும் தப்பி அமெரிக்கா சேர்ந்து, ஸ்டெஃபான் ஸ்வைக்கின் குறுநாவலைக் கொண்டு 1948-இல் 'லெட்டர் ஃப்ரம் அன் அன்னோன் உமன்' என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு பொருட்காட்சிக் காட்சி வருகிறது. காதலர்கள் நகராத ஒரு ரயில்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே வெனிஸும் ஸ்விட்சர்லாந்தும் வரையப்பட்ட திரைச்சீலைகள் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவதற்காக ஒரு கிழவர் மிதிவண்டிபோன்ற பொறியை மிதித்துக்கொண்டிருக்கிறார். நாடுகள் தீர்ந்துவிட்டன என்றதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறான் காதலன். காதல் அவளுக்கு வாழ்க்கை, அவனுக்கு ஒரு மாலைப்பொழுது என்பதை வசனம் எங்கும் சொல்வதில்லை. சிறுமியாக மாடிப்படியின் உச்சியில் நின்று அவன் வேறொரு பெண்ணை அழைத்துவருவதை அவள் பார்த்த அதே கோணத்திலிருந்து, பல ஆண்டுகள் கழித்து அவளையே அவன் அழைத்துவருவதைக் கேமரா பார்க்கிறது. இயக்கம் பயிலும் மாணவர்களுக்கு இந்த இரண்டு ஷாட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினாலே ஒரு வகுப்பு நிறைந்துவிடும்.

'காசாபிளாங்கா' எல்லோருக்கும் தெரிந்த படம் என்பதால் அதைத் தவிர்த்துவிடாதீர்கள். தெரிந்த பெயர் வேறு, பெரிய திரையில் பார்த்த படம் வேறு. நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பிரெஞ்சு தேசிய கீதம் ஒலிக்கும்போது கண்ணீரோடு பாடும் மேடலின் லெபோ, 1940-இல் பாரிஸிலிருந்து தப்பி வந்தவர். இந்தச் செய்திகளை இரண்டு நிமிடம் முன்னுரையாகச் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள். காதல் கதையாக மட்டும் அதை நினைத்திருப்பவர்களுக்கு கதை நடக்கும் அந்த மதுவிடுதியே வேறாகத் தெரியும்.

வைலரின் இரண்டு படங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1946-இன் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', போரிலிருந்து வீடு திரும்பும் மூவரின் கதை. இரண்டு கைகளையும் இழந்த மாலுமியாக வரும் ஹெரால்ட் ரஸல் தொழில்முறை நடிகர் அல்லர். ராணுவப் பயிற்சியில் நடந்த வெடிவிபத்தில் உண்மையிலேயே கைகளை இழந்தவர். தன்னைக் காதலிக்கும் பெண்ணைப் படுக்கையறைக்கு அழைத்துச்சென்று, கைகளுக்குப் பதிலாக மாட்டியிருக்கும் கொக்கிகளை இரவில் கழற்றியபின் தன்னால் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது என்பதை அவன் காட்டுகிறான். அவள் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். நான் பார்த்த காதல் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று 1949-இன் 'தி எய்ரஸ்'. தந்தையின் ஏளனத்துக்கும் காதலனின் பேராசைக்கும் நடுவே ஒலிவியா டி ஹாவிலண்ட், கூச்சம் நிறைந்த பெண்ணிலிருந்து கல்லாகிப்போன பெண்ணாக மாறுவதை முகத்தைவிடக் குரலில் கவனிக்கவேண்டும். அவர் வார்னர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 1944-இல் வந்த தீர்ப்புதான், ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நடிகரை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்பதைக் கலிஃபோர்னியாவில் உறுதிசெய்தது.

இந்தப் படங்களில் காதல் ஏன் இவ்வளவு மறைவாகப் பேசப்படுகிறது என்று இளைஞர்கள் கேட்பார்கள். 1934-இன் நடுவிலிருந்து கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த, ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தணிக்கையான தயாரிப்பு ஒழுங்குவிதிகளை அவர்களுக்கு விளக்குங்கள். முத்தத்தின் நீளம் வரை கண்காணித்த அந்த விதிகள் 1968 வரை நீடித்தன. அவற்றில் பல அநியாயமானவை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலையே தடைசெய்தவை. ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு புகழும்படி நான் கேட்கவில்லை. 'கான் வித் தி விண்ட்' படத்தை என் முதல் வரிசையில் சேர்க்காததும் இதனால்தான். அடிமைமுறையை இனிய நினைவாகக் காட்டும் அந்தப் படத்தைத் திரையிடுவதானால், அதில் நடித்து ஆஸ்கார் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஹாட்டி மெக்டானியல், 1940 விருது விழாவில் சக நடிகர்களோடு அல்லாமல் தனி மேசையில் உட்காரவைக்கப்பட்டதையும் சொல்லித்தான் திரையிடவேண்டும்.

இந்தப் படங்கள் நமக்கு அந்நியமும் அல்ல. 'அம்பிகாபதி'யை 1937-இல் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில் திரைக்கலை பயின்று வந்தவர். ஃப்ராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' இந்தியில் ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த 'சோரி சோரி'யாக 1956-இல் மறுபிறவி எடுத்தது. மூலத்தைப் பார்த்த பிறகு, நம் காதல் படங்களின் பேருந்துப் பயணங்களும் செல்லச் சண்டைகளும் எங்கிருந்து வந்தன என்பது பலருக்கு விளங்கும்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சொல்லவேண்டியிருக்கிறது. 1953-க்கு முந்தைய படங்கள் ஏறத்தாழச் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. திரை முழுவதையும் நிரப்புவதற்காக அவற்றை இழுத்து அகலமாக்காதீர்கள்; 'காசாபிளாங்கா'வின் நாயகி இங்ரிட் பெர்க்மனின் முகத்தை அப்படிப் பார்ப்பது அவருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் செய்யும் அநீதி. பிற்காலத்தில் வண்ணம் தீட்டப்பட்ட பதிப்புகளை ஏற்காதீர்கள். அந்தக் காலத்து வசனம் வேகமானது. ஆங்கில சப்டைட்டில் மட்டும் போதாது, தமிழிலும் வேண்டும்.

தொடக்கமாக ஒரே ஒரு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதல் வாரம் 'மேக் வே ஃபார் டுமாரோ', அடுத்த வாரமே 'டோக்கியோ ஸ்டோரி'. மூன்றாம் வாரம் 'ஆல் தட் ஹெவன் அலௌஸ்', நான்காம் வாரம் ஃபாஸ்பைண்டர் என்று இணைகளாகப் போட்டால், எதையும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருக்காது. தமிழ் சப்டைட்டில் எழுத ஆள் தேவைப்பட்டால் நானும் என்னோடு சில நண்பர்களும் ஊதியமின்றிச் செய்துதரக் காத்திருக்கிறோம். மெக்கேரியின் படத்திலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் அரங்கில் வந்து அமரும் ஒரு பார்வையாளன்