வெள்ளைக் கோட் கசங்காத டாக்டர்கள்

ஆசிரியருக்கு,

நம் படங்களிலும் சீரியல்களிலும் வரும் பயிற்சி டாக்டர்களுக்குக் காதலிக்கவே நேரம் போதவில்லை. வெள்ளைக் கோட் கசங்குவதும் இல்லை!

என் தங்கை மகள் மும்பையில் ஓர் அரசு மருத்துவமனையில் எம்.டி. முதலாண்டு ரெசிடென்ட், அதாவது மேற்படிப்பு படித்துக்கொண்டே அங்கேயே வேலை பார்க்கும் பயிற்சி டாக்டர். ரத்தம் எடுப்பது, ரிப்போர்ட்டுக்காக லேப் வாசலில் நிற்பது, நள்ளிரவில் நோயாளியின் உறவினர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவள்தான். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், ரசம் சாதம் பிசைந்த கையோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள்.

மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டப்படி, தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; வாரத்துக்கு 48 மணி. இதைச் சொன்னால் சிரிக்கிறாள்.

சரி, காதல் இருந்துவிட்டுப் போகட்டும். நடுவே ஒரு எபிசோடிலாவது அந்த டியூட்டி சார்ட்டையும் காட்டலாமே?

வாசகி, மாட்டுங்கா, மும்பை