முட்டையை முழுசாக வேகவிடுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரோட்டாக் கடை, தள்ளுவண்டி, பேக்கரி, சவர்மா கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், கல்லுக்கு முன்னால் வியர்க்க வியர்க்க நிற்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்கு முட்டை வேகவைத்துக் கொடுப்பது என் வேலை. அட்டை அட்டையாக முட்டை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, கீறல் விட்டதையும் உடைந்ததையும் ஒதுக்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தில், உங்கள் கடைக்குச் சாப்பிட வந்தாலும் என் கண் முதலில் முட்டை இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. அங்கே பார்ப்பதை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே ஒரு அட்டை முட்டையை, முப்பதையும், ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றி அடித்து வைத்துவிடுகிறார்கள். பாத்திரம் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூடி கிடையாது. கரண்டி உள்ளேயே கிடக்கிறது. ஆம்லெட்டுக்கு, முட்டை தோசைக்கு, கொத்து பரோட்டாவுக்கு, கலக்கிக்கு எல்லாம் அதிலிருந்தே மொண்டு ஊற்றுகிறார்கள். பாதி தீர்ந்ததும் மேலே இன்னும் பத்து முட்டை உடைத்து விடுகிறார்கள். ராத்திரி பத்தரைக்குக் கடைசி ஆள் சாப்பிடுவது, ஆறு மணிக்கு உடைத்ததும் கலந்த முட்டைதான். கூட்ட நேரத்தில் கை ஓட வேண்டுமே என்று செய்வது எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் பெரிய பயமே அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். சால்மோனெல்லா என்கிற கிருமி கோழியின் குடலில் வாழ்வது. எச்சம் பட்டு ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். அது மட்டும் என்றால் வெளியே துடைத்துவிடலாம். அதில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். அந்த முட்டை பார்க்கப் பளிச்சென்று இருக்கும், நாற்றம் வராது, கரு கலங்காது. தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் உட்காரும். தண்ணீர்ச் சோதனை முட்டை பழசா புதுசா என்று மட்டும்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. நாமக்கல் பண்ணை முட்டையானாலும் வீட்டு நாட்டுக்கோழி முட்டையானாலும் இது ஒன்றுதான். நாட்டுக்கோழி முட்டை என்றால் பச்சையாகவே குடிக்கலாம் என்று நம் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. கொடுப்பவர்கள் பாசத்தில் கொடுக்கிறார்கள். ஆனால் வெந்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும், பச்சை முட்டையில் பாதிதான் சேரும். தெம்புக்காகவும் வேகவைத்துக் கொடுப்பதே மேல்.

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன். ஒரு முட்டையில் கிருமி இருக்கும் வாய்ப்பு குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. தனியாக உடைத்தால் அது ஒரு ஆள் தட்டோடு போகும். முப்பதோடு சேர்த்து அடித்தால் முப்பது பேர் தட்டுக்கும் போகிறது. அதோடு, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்போது அரை மணிக்குள் கிருமி ஒன்று இரண்டாகிக்கொண்டே போகும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் உடைத்த முட்டையை வெளியில் வைக்கக் கூடாது என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் சொல்லும் கணக்கு. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு மணி நேரக் கணக்குத்தான் பொருந்தும்.

அதையெல்லாம் தீ கொன்றுவிடாதா என்றால், கொல்லும், முழுசாக வெந்தால். 71 டிகிரி சூடு உள்வரை போனால் சால்மோனெல்லா தங்காது. அதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகும். மஞ்சள் ஓடுகிறது என்றால் சூடு இன்னும் போதவில்லை. ஆஃப்பாயிலும் கலக்கியும் அப்படி நிறுத்துவதற்காகவே செய்கிற பண்டங்கள்.

கலக்கியை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சால்னாவும் மிளகும் போட்டு அடித்து, எண்ணெய் காய்ந்த குழிச்சட்டியில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் ஒரு சுழற்றுச் சுழற்றி, உள்ளே தளதளவென்று இருக்கும்போதே தட்டில் கவிழ்க்கிற அந்தக் கைப்பக்குவம் எளிதில் வராது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் எனக்கு அப்படித்தான் வேண்டும் என்று கேட்டால் அது அவர் விருப்பம். அப்போதும் அவருக்காக ஒரு முட்டையைப் புதிதாக உடைத்துப் போடுங்கள். அம்மா மடியில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்க்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கலக்கி கேட்டால், "நல்லா வேகவெச்சுத் தர்றேங்க்கா" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்களுக்கும், வயசானவர்களுக்கும், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் மருந்து என்று உடம்பு தளர்ந்தவர்களுக்கும் அதேதான். ஐந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் இந்த நோய் வேகமாக முற்றும். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

"இத்தனை வருஷமா போடறோம், ஒருத்தரும் வந்து கேட்டதில்ல" என்று ஒரு கடைக்கார அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலும் இந்த நோய் காட்டலாம், ஆறு நாள் கழித்தும் காட்டலாம். அதற்குள் அந்த ஆள் நான்கு இடத்தில் சாப்பிட்டிருப்பார், ஒரு கல்யாண விருந்துக்கும் போயிருப்பார். வயிற்று வலி, பேதி, காய்ச்சல் என்று நான்கிலிருந்து ஏழு நாள் படுத்துவிட்டு, தண்ணீர் சேரவில்லை என்று நினைத்துக்கொள்வார். போன கோடையில் என் தங்கை மகனுக்கு இதுதான் நடந்தது. மயோனைஸ் தடவிய சவர்மா சாப்பிட்டான். இரண்டாம் நாள் காய்ச்சலும் ரத்தத்தோடு பேதியும். குளுக்கோஸ் ஏற்றித்தான் தேறினான். எதனால் என்று யாரும் சோதித்து உறுதி செய்யவில்லை, அதனால் அந்தக் கடையை நான் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அப்படி ஒரு பிள்ளை படுத்திருந்தான் என்பதே அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான், புகார் வராதது உங்கள் முட்டை நல்ல முட்டை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மயோனைஸ் என்றதும் சட்டத்தையும் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடுத்தது. 2024 அக்டோபர் கடைசியில் தெலங்கானா தடை போட்டது. நம் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி. ஓராண்டு என்று போட்டதால் ஓராண்டோடு விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். மயோனைஸ் அடுப்பையே பார்க்காத பண்டம். பச்சை முட்டையும் எண்ணெயும் மிக்சியில் அடித்து, காலையிலிருந்து ராத்திரிவரை டப்பாவில் வைத்துப் பிழிகிறோம். முட்டையில்லாத மயோனைஸ் எல்லா மொத்தக் கடையிலும் கிடைக்கிறது. அதுவும் பிரித்தபின் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

இன்னும் சில விஷயம், சுருக்கமாக. விலை குறைவு என்று கீறல் முட்டை வாங்காதீர்கள். வாங்கியதும் முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய், ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும். கழுவுவதானால் போடுகிற நேரத்தில் கழுவினால் போதும். முட்டை உடைத்த கையால் வெங்காயத்தை அள்ளி இலையில் வைக்காதீர்கள், இதை ஒவ்வொரு கடையிலும் பார்க்கிறேன். கொத்து பரோட்டாவில் முட்டையைக் கடைசியில் ஊற்றி இறக்காமல், ஈரம் வற்றும்வரை கல்லிலேயே கொத்துங்கள்.

என் பள்ளியில் மத்தியானம் வெந்த முட்டை சாப்பிடுகிற பிள்ளைகள்தான் சாயங்காலம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன். மற்றதையெல்லாம் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம், அந்த உடைத்து வைக்கிற பாத்திரத்தை மட்டும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். ஆர்டர் வந்ததும் ஒரு டம்ளரில் உடைத்து, அடித்து, ஊற்றுங்கள். கூடுதலாக ஆகும் அரை நிமிஷத்தை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்