பலூன் வந்ததா, வந்தானா?

திருவாரூர்
ஜூன் 9

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் ஏழாம் வகுப்புத் தமிழ் உன்னிடம், பிள்ளைகள் 42 பேர், வகுப்பில் ப்ரொஜெக்டர் மாட்டியாகிவிட்டது என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்தது போதும், மருத்துவரைப் போய்ப் பார். இனி நீ கேட்டதற்கு வருகிறேன். படம் போட்டால் பிள்ளைகள் ரசித்துப் பார்க்கிறார்கள், எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் பேனா நகரவில்லை என்கிறாய்.

நீ போட்டது முழுப்படம், கேட்டது 'கதையைச் சுருக்கி எழுது'. கோளாறு அங்கேதான். சுருக்கி எழுத வேண்டுமென்றால் எதை விடலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது பெரியவர்களுக்கே கைவராத வித்தை. பிள்ளை முதல் காட்சியைப் பத்து வரி எழுதும், கை வலித்ததும் 'இறுதியில் அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்' என்று நோட்டை மூடிவிடும். எழுத்து வேலைக்கு மூன்று நிமிஷத் துண்டு போதும், நான்கைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, படத்தை முதலில் தேடாதே. இந்த வாரம் எந்த மாதிரி வாக்கியம் எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அந்த வாக்கியத்தைக் கேட்கிற காட்சியைத் தேடு.

பள்ளிக்கல்வித் துறை 2022-ல் தொடங்கிய சிறார் திரைப்பட விழா வேறு விஷயம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகளை உட்காரவைத்து முழுப்படம் காட்டிப் பேசவைப்பது ரசனைக்காக. அதற்கு நோட்டு வேண்டாம், கேள்வித்தாள் வேண்டவே வேண்டாம். மொழிப் பாடவேளையில் துண்டும் நோட்டும். இரண்டையும் கலந்தால் படம் பார்ப்பதே தண்டனை ஆகிவிடும்.

தொடக்கத்துக்கு 'தி ரெட் பலூன்' எடுத்துக்கொள். 1956-ல் வந்த பிரெஞ்சுப் படம், இயக்கியவர் ஆல்பெர் லமொரீஸ். பாரிஸில் மெனில்மோந்தான் என்கிற மேட்டுத் தெருக்களில் ஒரு பையனும் ஒரு சிவப்பு பலூனும், அவ்வளவுதான் கதை. பையனாக நடித்தது இயக்குநரின் மகன். மொத்தம் 34 நிமிஷம், வசனம் அநேகமாக இல்லை. இருந்தும் சிறந்த திரைக்கதைக்கு ஆஸ்கார் வாங்கியது. இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. எல்லாம் முடிந்தபின் சொன்னால், 'பேச்சே இல்லையே டீச்சர், அப்புறம் என்னத்தை எழுதினார்?' என்று ஒன்றாவது கேட்கும். அந்தக் கேள்வியை வைத்தே இன்னொரு வகுப்பு எடுக்கலாம்.

வசனம் இல்லாத படத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் படங்களைப் போட்டால் பிள்ளைகள் வசனத்தைத்தான் எழுதுவார்கள், அதுவும் ஒரு எழுத்துப் பிசகாமல். அது நினைவாற்றல், எழுத்து இல்லை. வசனமில்லாத படத்தில் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையிடமிருந்தே வர வேண்டும்.

40 நிமிஷப் பாடவேளையை இப்படிப் பிரித்துக்கொள். தொடக்கக் காட்சியை எடு: பையன் கற்படிகளில் இறங்கி வருகிறான், விளக்குக் கம்பத்தில் பலூன் சிக்கியிருப்பதைப் பார்க்கிறான், ஏறி அவிழ்க்கிறான், பலூனோடு பேருந்தில் ஏற முடியாமல் ஓடுகிறான். முதலில் ஐந்தே சொற்களைக் கரும்பலகையில் எழுது: கற்படி, விளக்குக் கம்பம், நடத்துநர், அவிழ், பின்தொடர். பதினைந்து சொல் எழுதினால் படத்தைப் பார்க்காமல் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிறகு முதல் தடவை பேனா கீழே, சும்மா பார்க்கட்டும். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு மூன்று இடங்களில் நிறுத்து. ஒலியை ஏன் அணைக்க வேண்டுமென்றால், எங்கே வருத்தப்பட வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று இசை முந்திக்கொண்டு சொல்லிவிடும். மூன்றாம் தடவை, எழுதி முடித்த பிறகு, எழுதியதைச் சரிபார்க்க மட்டும்.

நிறுத்துகிற மூன்று இடங்களிலும் நோட்டில் மூன்று கட்டம்: கண்டது, ஊகித்தது, எதை வைத்து. படித்துப் புரிந்துகொள்வது என்று நாம் சொல்கிற திறன் முழுக்க அந்த மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. 'பையன் சோகமாக இருந்தான்' என்று முதல் கட்டத்தில் எழுதும் பிள்ளைகள்தான் பாதி இருப்பார்கள். சோகம் கண்ணுக்குத் தெரியாதே. குனிந்த தலையும் மெதுவான நடையும்தான் தெரியும். அதை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளச் சொல்லி, முதல் கட்டத்தில் தெரிந்ததை எழுதச் சொன்னால், 'வருணித்து எழுதுக' என்று தனியாகப் பாடம் நடத்தாமலே வருணனை வந்துவிடும். வீட்டில் ஒரு பெண் சன்னலைத் திறந்து பலூனை வெளியே விடுகிற காட்சியும் இதற்கு நல்லது. எல்லாப் பிள்ளையும் 'அம்மா' என்றே எழுதும். அம்மாவா, பாட்டியா, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேள். படம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அடுத்த நாள் முதுகோடு முதுகு. இருவரில் ஒருவர் திரையைப் பார்த்து, மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஒலியில்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டு. பார்ப்பவர் சொல்ல, மற்றவர் குறிப்பெடுக்க வேண்டும். பிறகு இடம் மாற்றி அடுத்த நிமிஷம். 21 ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும், அதனால் பாதிப் பாதியாகச் செய். முதல் சுற்றில் 'அது அங்கப் போகுது, இவன் அதப் புடிக்கிறான்' என்று வரும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'அது' எது, 'அங்கே' எங்கே? இரண்டாம் சுற்றில் சுட்டுச்சொல்லே கூடாது என்று சட்டம் போடு. சட்டென்று பெயர்ச்சொற்கள் வந்து விழும். எழுத்தில் படிக்கிறவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்தான் என்பதை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியாது.

இப்போது எழுதுவது. முதல் படியைப் பேச்சுத் தமிழிலேயே எழுதவிடு, 'போறான்', 'ஏறுறான்' என்றே வரட்டும். என்ன சொல்வது, எழுத்துத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் யோசித்தால்தான் பேனா நிற்கிறது. மறுநாள் அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். அப்போது காலம் தடுமாறும். கண்முன் நடப்பதைச் சொல்வதால் நிகழ்காலத்தில் தொடங்கி, கதை சொல்கிற பழக்கத்தால் நடுவில் இறந்தகாலத்துக்குத் தாவிவிடுவார்கள். முதல் வரியின் வினைமுற்றுக்கு அடிக்கோடு போட்டு, கடைசி வரை அதே காலமா என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கச் சொல்.

அடுத்தது 'அப்புறம்'. 'பையன் கம்பத்தில் ஏறினான். அப்புறம் பலூனை அவிழ்த்தான். அப்புறம் இறங்கினான். அப்புறம் ஓடினான்.' ஒரு பக்கத்தில் இருபது 'அப்புறம்' பார்க்கலாம். அதை எடுத்துவிட்டு 'பிறகு' போடச் சொல்வதில் பயனில்லை, இருபது 'பிறகு' வரும். வினையெச்சத்தைக் கையில் கொடு: 'பையன் கம்பத்தில் ஏறி, பலூனை அவிழ்த்து, இறங்கி ஓடினான்.' நான்கு வாக்கியம் ஒன்றாகிவிட்டது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் எல்லா இடத்திலும் போடுவார்கள், அங்கேதான் அடுத்த பிழை வரும்: 'பையன் சன்னலைத் திறந்து பலூன் உள்ளே வந்தது.' திறந்தது ஒருவர், வந்தது இன்னொன்று. 'செய்து' என்கிற வாய்பாட்டு எச்சம் செய்தவனையே கடைசிவரை கூட்டிக்கொண்டு போகும், ஆள் மாறினால் அறுந்துவிடும். ஆள் மாறும் இடத்தில் 'பையன் சன்னலைத் திறக்க, பலூன் உள்ளே வந்தது' என்றோ 'திறந்ததும்' என்றோ வர வேண்டும். இந்தப் படத்தை நான் விடாமல் சிபாரிசு செய்வதே இதற்காகத்தான். பையன் ஒன்று செய்வான், உடனே பலூன் ஒன்று செய்யும். வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாய் மாறிக்கொண்டே இருக்கும். தனி ஆள் ஓடுகிற காட்சியை எடுத்தால் இந்தப் பயிற்சிக்கு இடமே இல்லை. 'மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோமே' என்று கெட்டிக்காரப் பிள்ளை யாராவது மடக்கினால் மெச்சிவிட்டு, விதிவிலக்கை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்.

நோட்டுத் திருத்தும்போது இரண்டு மூன்றிலாவது 'பலூன் வந்தான்' என்று இருக்கும். சிவப்பு மையால் அடித்துவிடாதே. அந்தப் பிள்ளைதான் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் வழுவமைதிக்கு, அதாவது பிழையானாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வதற்கு, 'என் அம்மை வந்தாள்' என்று மாட்டைப் பார்த்துச் சொல்வதை எடுத்துக்காட்டாகக் கொடுக்கிறோமே, அதே கதைதான். 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே' என்று, மகிழ்ச்சி, உயர்வு போன்ற காரணங்களால் திணையும் பாலும் மாறினாலும் தவறில்லை என நன்னூலே இடம் கொடுக்கிறது. எங்கே 'வந்தது', எங்கே 'வந்தான்' என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல். ஆனால் எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த வாரம் பலூனே கதை சொல்லட்டும், 'நான்' என்று தொடங்கி. ஒரே ஒரு கட்டுப்பாடு, பலூன் பார்க்காததை எழுதக் கூடாது. சன்னலுக்கு வெளியே தொங்கும்போது வீட்டுக்குள் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் வெறும் 'அவன்', 'நான்' ஆகுமே தவிர, கதையை யார் பார்க்கிறார் என்பது பிடிபடாது.

42 நோட்டையும் முழுக்கத் திருத்த முனைந்தால் நீ தொலைந்தாய். ஒரு வேலைக்கு ஒரு பிழைதான். எச்சம் சொல்லிக்கொடுத்த வாரம் எச்சத்தை மட்டும் பார், ஒற்றுப்பிழை காத்திருக்கட்டும். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் பத்தில் நிகழ்ச்சி வரிசைக்கு 3, கண்ணால் கண்ட விவரத்துக்கு 3, அந்த வாரத்து இலக்கணத்துக்கு 3, எழுத்துக்கு 1.

'படத்திலிருந்து அறிந்த நீதி என்ன?' என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் நட்பு, கருணை, ஒற்றுமை என்று 42 பேரும் ஒரே பதில் எழுதுவார்கள், படமே பார்க்காமல் எழுதக்கூடிய பதில். 'எந்தக் காட்சியை வெட்டினாலும் கதை கெடாது?' என்று கேள். மழையில் பலூனை நனையாமல் வழிப்போக்கர்களின் குடைக்குள் கொண்டுபோகிற காட்சியை ஒரு கூட்டம் வெட்டச் சொல்லும், இன்னொரு கூட்டம் சண்டைக்கு வரும். அந்தச் சண்டையை அப்படியே எழுதவைத்தால் அதுதான் விமர்சனம்.

பேச்சுள்ள படத்துக்குப் போகும்போது திரையின் அடியில் ஓடும் துணைவரிகளை (சப்டைட்டில்) பற்றி யோசி. கேட்கிற மொழியும் வாசிக்கிற மொழியும் ஒன்றாக இருந்தால் வாசிப்புக்கு உதவும். அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். என்கிற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பிரிஜ் கோத்தாரி 1996-ல் தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைப் போட்டுச் செய்துவரும் வேலை இதுதான். ஆனால் தட்டுத் தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கு வசன வேகம் ஒத்துவராது, பாட்டுதான் சரி. வேற்றுமொழி வரிகள் போட்டால் கண் வரியிலேயே இருக்கும், காது மூடிக்கொள்ளும்.

கருவி விஷயம். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதே, நடுவில் சுற்றும், விளம்பரம் வரும். மடிக்கணினியில் வைத்துக்கொண்டு வி.எல்.சி. என்கிற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஓட்டு. எம் (M) விசை ஒலியை அணைக்கும், ஈ (E) விசை படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேமாக) நகர்த்தும், ஷிப்டோடு இடது அம்பு மூன்று விநாடி பின்னால் போகும். திரைக்கு எதிர்ச் சன்னலில் பழைய சார்ட்டை ஒட்டு. எல்லாச் சன்னலையும் மூடினால் நோட்டு தெரியாது. திரையின் கீழ் விளிம்பு, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குத் துணைவரியே தெரியாது.

தலைமையாசிரியர் உரிமைப் பிரச்சினை வருமா என்று கேட்பதாக எழுதியிருந்தாய். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பள்ளி நடவடிக்கையாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர் மட்டும் பார்க்கப் படம் காட்டுவதை மீறலாகக் கொள்வதில்லை. அதற்காகத் திருட்டுப் பிரதியைக் கொண்டுவந்து ஓட்டக் கூடாது. ஊரைக் கூட்டிக் காட்டுவதும் இதில் அடங்காது.

படத்தின் முடிவை மட்டும் கடைசி வாரம் வரை காட்டாதே. உண்டிவில்லோடு பையன்கள் பலூனைச் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அவர்களே எழுதட்டும். மறுநாள் அதிலிருந்து இறுதிவரை ஒரே மூச்சாக ஓட்டு, ஒலியோடு, நிறுத்தாமல், கேள்வி கேட்காமல். நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள். பலூன் சுருங்கி விழுகிற இடத்தில் மணி அடித்துவிட்டால் அடுத்த பாடவேளைக்குக் கணக்கு எடுக்க வருகிறவர் பாவம்.

அன்புடன்,
கௌரி